செவித்துணைக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாய் வளர்க்கப் போகிறோம் என்று நம் ஊரில் யாரிடம் சொன்னாலும், "நன்றாகக் குரைக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். காது கேளாத ஒருவருக்காக நாய் தேடும்போது முதலில் ஒதுக்கி வைக்க வேண்டிய கேள்வியும் அதுவே. வாசலில் ஆள் வந்திருப்பதைக் குரைத்துச் சொல்லும் நாயால், அந்தக் குரைப்பையே கேட்க முடியாதவருக்கு என்ன பயன்? பக்கத்து வீட்டுக்காரர்களின் மனத்தாங்கல்தான் மிஞ்சும். செவித்துணை நாயின் வேலை வேறு. ஓர் ஒலி எழுந்தவுடன் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டு, தன் மனிதரிடம் ஓடி வந்து, மூக்காலோ முன்னங்காலாலோ தொட்டு, அவரை அந்த ஒலி எழும் இடத்துக்கு அது அழைத்துப் போக வேண்டும். தீ எச்சரிக்கை மணி போன்ற ஆபத்து ஒலிகளுக்கு மட்டும் அழைத்துப் போகக் கூடாது. தொட்டுவிட்டு அங்கேயே தரையில் படுத்துவிட வேண்டும் என்று பிரிட்டனில் பழக்குகிறார்கள்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. போலீஸ் நாய்க்கும் பார்வையற்றவரை நடத்திச் செல்லும் நாய்க்கும் பெரும்பாலும் மனிதர் ஆணையிடுகிறார், நாய் செய்கிறது. செவித்துணை நாய்க்கு ஆணையிட ஆளே இல்லை. குக்கர் விசில் அடித்ததே தெரியாதவர், "போய்ப் பார்" என்று எப்படிச் சொல்வார்? நாய்தான் கேட்க வேண்டும், நாய்தான் முடிவெடுக்க வேண்டும், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து சொல்ல வேண்டும். ஆகவே, சொன்னதைக் கேட்டுக் காலடியிலேயே படுத்திருக்கும் சாதுவான நாயை விட, எதையாவது கண்டுவிட்டு நம்மிடம் சொல்ல ஓடி வரும் நாய்தான் இங்கே தேவை. பல வீடுகளில் "துறுதுறுவென்று இருக்கிறது, ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை" என்று அலுத்துக்கொண்டு காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகும் நாய்களுக்கு இந்தக் குணம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் 1970-களின் நடுவில் இந்தப் பயிற்சி உருப்பெற்றபோதே, கைவிடப்பட்ட கலப்பின நாய்களைக் காப்பகங்களிலிருந்து பொறுக்கி எடுத்துப் பழக்கினார்கள். திரைப்படங்களுக்கு விலங்குகளைப் பழக்கி வந்த ராய் கபாட் என்பவர் 1977-இல் ஒரிகன் மாநிலத்தில் தொடங்கிய அமைப்பும் அப்படித்தான் செய்தது. பிரிட்டனில் 1982-இல் இந்தப் பணி தொடங்கியபோது அங்கு முதல் செவித்துணை நாயாக அறிமுகமான 'பேவர்' கூட ஒரு கலப்பின நாய்தான். சாதிச் சான்றிதழுக்குப் பணம் கொடுக்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அத்தான் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். அக்காவுக்காக நாய் தேடி முதலில் ஒரு பெரிய தவறு செய்து, பிறகு திருத்திக்கொண்டவன் என்ற முறையில், புதிதாகத் தேடுவோர் வரிசையாகச் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன்.

முதல் படி: நாயைப் பார்ப்பதற்கு முன் வீட்டைக் கேளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காது கேட்கும் ஒருவர் ஒரு வாரம் அந்த வீட்டில் எழும் ஒலிகளை நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். அக்கா வீட்டுப் பட்டியல் இப்படி இருந்தது: காலிங் பெல், குக்கர் விசில், குழந்தை அழுவது, காலை அலாரம், மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் கத்தும் அலாரம், மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் எழுப்பும் பீப் ஒலி, பின்னாலிருந்து அத்தான் அக்காவைப் பெயர் சொல்லி அழைப்பது. இவற்றில் எதற்கு நாய் வேண்டும், எதற்கு ஒரு கருவி போதும் என்று பிரித்துப் பாருங்கள். மணி அடித்தால் விளக்கு மின்னும் காலிங் பெல் இருக்கிறது. தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்பும் அலாரம் இருக்கிறது. இந்த இரண்டோடு தேவை முடிந்துவிடும் வீட்டில் நாய் தேவையில்லை என்பதே என் கருத்து. பத்து பன்னிரண்டு ஆண்டுகள் உணவும் மருத்துவமும் தினமும் இருவேளை நடையும் கேட்கும் ஓர் உயிரை, ஒரு மணிக்காக மட்டும் கொண்டுவருவது அதற்கும் நியாயமன்று. எங்கிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒலிகள் பல இருக்கும்போதும், தனியாக இருக்கும் நேரம் அதிகமாக இருக்கும்போதும், நாயை விரும்பும் மனமும் கூடவே இருக்கும்போதும்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

ஒலிகளோடு சேர்த்து மனிதரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வயது என்ன, மாடிப்படி ஏறுவாரா, குனிந்து நிமிர முடியுமா, பேசுவாரா அல்லது சைகை மொழி மட்டும் பயன்படுத்துபவரா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, நாயை நடத்திக் கூட்டிச் செல்வது யார் என்பனவெல்லாம் நாயின் அளவையும் குணத்தையும் முடிவு செய்யும்.

இரண்டாம் படி: அளவு, இனம், வயது

இனத்தைப் பற்றி மக்கள் நிறையப் பேசுகிறார்கள். நான் குறைவாகவே சொல்வேன். நாய் மனிதரைத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்பதால் அளவு முக்கியம். லேப்ரடார் அளவுள்ள நாய், நாற்காலியில் இருப்பவரின் முழங்கையை நின்றபடியே மூக்கால் இடிக்கும். சிறிய நாய் பின்னங்கால்களில் எழும்பி முழங்காலில் முன்னங்கால்களை வைக்கும். இப்படித் தினமும் பலமுறை எழும்புவதும் கட்டிலில் குதித்து ஏறுவதும் நீண்ட முதுகுள்ள டாக்ஸ்ஹண்டுக்குத் தண்டுவட வட்டைக் கெடுத்துவிடும் என்பதால், எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. தள்ளாடி நடக்கும் முதியவரின் காலடியில் சிறிய நாய் சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பொதுவாகப் பத்து கிலோவிலிருந்து இருபது கிலோவுக்குள் இருக்கும் நாய், அடுக்குமாடி வீட்டுக்கும் ஆட்டோவில் ஏற்றிச் செல்வதற்கும் வசதியாக இருக்கிறது. நம் நாட்டு நாய்கள் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வரும். சித்திரை வெயிலைத் தாங்கும், முடியும் குறைவு. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு நம் வெயிலில் மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருக்கும்போது, இன்னொரு வேலையை அவற்றின் மீது சுமத்தக் கூடாது. ஸ்பிட்ஸ் ஒலிக்கு உடனே எழும், ஆனால் எழுந்த இடத்திலேயே நின்று குரைக்கும் சுபாவம் அதற்கு அதிகம். காக்கர் ஸ்பானியல் குணத்தில் மிக நல்ல நாய், பிரிட்டனில் இந்த வேலைக்கு அதை விரும்பி எடுக்கிறார்கள். ஆனால் தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சையும் சீழும் வைப்பதற்குக் கடற்கரை ஊர்களின் புழுக்கம் ஏதுவாக இருப்பதால், வாரம்தோறும் காதைத் துடைத்துப் பார்க்க நேரமில்லாதவர்கள் அதை எடுக்காமல் இருப்பது நல்லது. கன்னி, சிப்பிப்பாறை முதலியவை கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். ஓடுவதற்கென்றே வளர்ந்த அவற்றுக்கு அறைக்குள் ஒலிக்கும் மணியில் பெரிய ஈடுபாடு இருப்பதில்லை.

ராஜபாளையத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் தவறு அங்கேதான் நடந்தது. பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ஒரு குட்டியை, பெருமையோடு அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தேன். அழைத்தால் திரும்பும், தட்டு விழுந்தால் எழும்; எனவே காது நன்றாகக் கேட்கிறது என்றே நம்பினோம். ஐந்து மாதம் ஆனபோதுதான் கவனித்தோம்: மணி வலப்பக்கம் ஒலித்தாலும் இடப்பக்கம் ஒலித்தாலும் அது ஒரே பக்கம்தான் ஓடியது. சுவரை முகர்ந்துவிட்டுக் குழம்பி நின்றது. அதற்கு ஒரு காதுதான் கேட்டது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளுக்கும் அது போய்ச் சேரும் சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை கணிக்கிறது. ஒற்றைக் காது உள்ள நாய்க்கு ஒலி கேட்கும், இடம் தெரியாது. வீட்டுச் செல்லமாக அதற்கு ஒரு குறையும் இல்லை, இப்போதும் என் வீட்டில்தான் இருக்கிறது. செவித்துணைக்கு மட்டும் அது உதவவில்லை. விற்றவர் அறிந்தே விற்றாரா என்பது தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள உறவு தற்செயலானது அன்று. உடலுக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் அங்குள்ள இரத்த ஓட்டம் கெட்டு, குட்டி பிறந்த மூன்று நான்கு வாரங்களில் கேட்கும் உயிரணுக்கள் அழிந்துவிடும். டால்மேஷியன் இனத்தில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழப் பத்துக்கு மூன்று நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. தலையும் காதும் முழுக்க வெள்ளையாக உள்ள எந்த நாயையும், பளிங்குத் திட்டுகள் போன்ற நிறமுள்ள நாயையும், சோதனை செய்யாமல் எடுக்காதீர்கள். மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்கும் 'பேர்' (BAER) என்ற சோதனைதான் உறுதியானது. அந்தக் கருவி எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் இருக்காது என்பதால், உங்கள் மருத்துவரிடம் அது எங்கே செய்யப்படுகிறது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பொறுத்தவரை, குட்டியாக எடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் உள்ள நாயைத் தேடும்படி புதியவர்களுக்குச் சொல்வேன். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு வாரம் வரையுள்ள காலத்தில் குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ கேட்கிறதோ, அவற்றை வைத்தே உலகத்தைப் பற்றிய அதன் அச்சமும் துணிச்சலும் அமைகின்றன. ஆனால் எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அது பெரியதாகி எப்படி இருக்கும் என்று கணிப்பது, தொட்டிலைப் பார்த்து ஜாதகம் சொல்வது போலத்தான். வளர்ந்த நாயிடம் இருப்பது கண்முன்னே தெரிகிறது. குட்டிதான் வேண்டும் என்பவர்கள் தாய் நாயைப் பார்க்காமல் வாங்கக் கூடாது; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி குற்றம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒலிச் சோதனை

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். காப்பகத்தில் நூறு நாய்கள் ஒன்றாகக் குரைக்கும் கூடத்தில் எந்தச் சோதனையும் பலிக்காது. பொறுப்பாளரிடம் கேட்டு, ஒரு நாயை மட்டும் அலுவலக அறைக்கோ கொட்டகைக்கோ வாரைப் பிடித்து அழைத்து வாருங்கள். உள்ளே வந்ததும் வாரை அவிழ்த்துவிட்டு, பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருங்கள். அது முகர்ந்து திரியட்டும். மூலையில் ஒடுங்கி நடுங்கும் நாயை அன்று சோதிக்காமல் விட்டுவிட்டு இன்னொரு நாள் வாருங்கள், ஏனெனில் காப்பக வாழ்க்கை நல்ல நாயையும் சில நாள் முடக்கிப் போட்டுவிடும்.

தேவையான பொருள்கள் எளியவை: மூன்று நான்கு ஒலிகள் பதிவு செய்த கைபேசி, முறுக்கி வைத்தால் கிணுகிணுக்கும் சமையலறை டைமர், அழுத்தினால் கீச்சிடும் பொம்மை, ஓர் எவர்சில்வர் தட்டு, பை நிறைய வேகவைத்த கோழித் துண்டுகள். டைமரை நாய் பார்க்காத நேரத்தில் ஒரு துண்டில் சுற்றி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நீங்கள் சுவரைப் பார்த்தபடி சும்மா இருக்க வேண்டும். உங்கள் பார்வை ஒலி வரும் பக்கம் போகவே கூடாது. நாய் உங்கள் கண்ணைப் பார்த்து விடை எழுதிவிடும்.

மணி ஒலித்ததும் நாய் என்ன செய்கிறது என்பதை வரிசையாகப் பாருங்கள். காது திரும்புகிறதா, தலை திரும்புகிறதா, உடல் எழுகிறதா, கால்கள் அந்தப் பக்கம் போகின்றனவா, போன பிறகு ஒலியின் இடத்தைக் கண்டுபிடிக்கிறதா, கண்டுபிடித்த பிறகு உங்களை ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கிறதா? காது மட்டும் திரும்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும் நாய்க்குக் காது கேட்கிறது, அக்கறை இல்லை. பாய்ந்து போய் வாளியைக் கவிழ்த்து டைமரைக் கடித்துக்கொண்டு தன் பாட்டில் விளையாடும் நாய்க்கு ஒலியில் அக்கறை இருக்கிறது, மனிதரிடம் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு, "இதோ, இங்கே என்னவோ இருக்கிறது" என்பது போல உங்களை நோக்கித் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிதான் நீங்கள் தேடி வந்தது.

நாங்கள் ஏழாவதாகப் பார்த்த நாய் செம்பழுப்பு நிற நாட்டுப் பெண் நாய். வலக்காது நிமிர்ந்தும் இடக்காது பாதி மடிந்தும் இருந்தது; ஒன்றரை வயதிருக்கும் என்றார்கள். "சார், இதை யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க, சும்மாவே இருக்காது. போன் அடிச்சா எனக்கு முன்னாடி மேசைகிட்ட நிக்கும்" என்று அங்கு வேலை செய்த பையன் குறையாகச் சொன்னான். டைமர் ஒலித்ததும் அது வாளிக்குப் பின்னால் போய் மூக்கை நுழைத்தது. துண்டை ஒரு முறை முன்னங்காலால் தட்டியது. பிறகு நேராக அக்காவிடம் வந்து அவர் மடியில் முகவாயை வைத்தது. அக்கா எதையும் கேட்கவில்லை, என்ன நடந்தது என்று சைகையில் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். நாய் மறுபடி வாளியிடம் போய் மறுபடி வந்தது. காப்பகத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் மணி. அதை நாங்கள் மாற்றவில்லை.

ஒரு முறை நடந்தது போதாது. அதே ஒலியைச் சில நிமிட இடைவெளியில் ஐந்தாறு முறை எழுப்புங்கள். பல நாய்களுக்கு மூன்றாவது முறையில் ஆர்வம் வடிந்துவிடும். அது இயல்புதான், ஆனால் கோழித் துண்டு ஒன்று கொடுத்த பிறகு ஆர்வம் திரும்பி வருகிறதா என்பதே கேள்வி. பிறகு ஒலியின் இடத்தை மாற்றி, வலம், இடம், பின்புறம், அலமாரியின் மேல்தட்டு என்று நான்கு இடங்களிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பும் நாயைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து, நாய் எதிர்பாராத நேரத்தில் எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் போடுங்கள். திடுக்கிடுவது தவறன்று, திடுக்கிடாத நாய்தான் சந்தேகத்துக்குரியது. எத்தனை நொடியில் மீள்கிறது என்று எண்ணுங்கள். சில நொடிகளில் சமாளித்துக்கொண்டு, கழுத்தை நீட்டித் தட்டை முகர வரும் நாய் தேறியது. ஓடிப்போய் மேசைக்கு அடியில் புகுந்து, கோழித் துண்டைக் காட்டினாலும் வராத நாய் தேறவில்லை. ஒலிக்கு அஞ்சும் நாயைப் பயிற்சியால் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓரளவு தணிக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஒலியையும் நோக்கி ஓட வேண்டிய வேலையில் அதை அமர்த்துவது கொடுமை. தீபாவளிக்கு முந்தைய வாரம் காப்பகத்துக்குப் போக முடிந்தால், ஒரு மாலையில் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

கடைசியாக, முடிந்தால், நாய் உண்டு களைத்துக் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில் ஒரு முறை மெல்லிய அலாரத்தை ஒலிக்கவிடுங்கள். அதிகாலையில் எழுப்ப வேண்டிய நாய், தானே முதலில் எழ வேண்டும் அல்லவா?

நான்காம் படி: மனிதரோடு எப்படி இருக்கிறது

இந்தச் சோதனையைக் காது கேளாதவரே செய்ய வேண்டும், வேறு யாரும் அவருக்காகச் செய்யக் கூடாது. நம்மைப் போலக் கொஞ்சு மொழி பேசி நாயை மயக்கும் வழக்கம் அவருக்கு இல்லாமல் இருக்கலாம். அவர் குரலின் ஏற்ற இறக்கம் நாய்க்குப் புதிதாகத் தோன்றலாம். அவர் பேசாமல் கையால் மட்டும் அழைக்கட்டும். கையையும் முகத்தையும் உற்றுப் பார்க்கும் நாய் சைகைகளை விரைவில் கற்றுக்கொள்ளும். உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து மூடிக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்தால் மட்டும் திறந்தால், பொருத்தமான நாய்க்கு ஐந்தாறு முறையில் அது புரிந்துவிடும்.

தொடுவதுதான் அதன் மொழியாகப் போகிறது என்பதால், தானாகத் தொடுகிறதா என்பதையும், தொட்டால் பொறுத்துக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பாதம், காது, வால் ஆகியவற்றை மெதுவாகப் பிடித்தால் உறுமுவதோ பல்லைக் காட்டுவதோ கூடாது. உணவுத் தட்டருகே கை வந்தால் விறைத்து நிற்கும் நாயை அறிய வேண்டுமானால், அந்தச் சோதனையைக் காப்பகத்தின் அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள். காது கேளாதவருக்கு நாயின் உறுமல் கேட்காது என்பதை மறக்கவே கூடாது. நமக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை அவருக்குக் கிடைக்காது. எனவே, யாரையாவது கடித்த வரலாறு உள்ள நாயை, "அன்று ஏதோ பயத்தில் கடித்துவிட்டது" என்று எவ்வளவு நியாயமாகச் சொன்னாலும், விலக்கிவிடுங்கள். அணிலையும் பூனையையும் கண்டால் கூப்பிட்டாலும் திரும்பாத நாயும், அந்நியரைக் கண்டால் மயிர் சிலிர்த்து நிற்கும் நாயும் இதே கணக்கில்தான் வரும். வாசல் மணிக்கு ஓடும் நாய், மணி அடித்த கூரியர்காரரின் காலைக் கவ்வக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் நாய் இருப்பவர்கள், அதையே பழக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக, மேற்சொன்ன சோதனைகளை அதற்கும் செய்து பார்த்துவிட்டு.

ஐந்தாம் படி: மருத்துவர்

மனத்துக்குப் பிடித்த நாயைக் கையெழுத்திடும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது, இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை, சிறுநீரகம், இதயம், கண்கள், பற்கள் ஆகியவை அவசியம். லேப்ரடார் போன்ற பெரிய நாயாக இருந்தால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஓராண்டு பயிற்சி கொடுத்த பிறகு நாய் நொண்டினால், அந்த இழப்பு பணத்தோடு நிற்காது. கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவற்றுக்கான சான்றுகளை வாங்கி வைத்துக்கொண்டால், சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்கும்போது அலைச்சல் மிச்சம்.

ஆறாம் படி: வீட்டில் ஒரு மாதம்

காப்பகத்தாரிடம் முதலிலேயே பேசி, ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல காப்பகங்கள் மறுப்பதில்லை. முதல் வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். நாய் தூங்கட்டும், வீட்டின் ஒலிகளைத் தெரிந்துகொள்ளட்டும். இரண்டாம் வாரத்தில் டைமரின் ஒலி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவர் டைமரை ஒலிக்கவிட வேண்டும். நாய் காது கேளாதவரிடம் வந்து தொட்டவுடன் அவர் கையாலேயே தின்பண்டம் கிடைக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து டைமரிடம் போனதும் அங்கே இன்னொரு துண்டு. ஒரு நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மாத இறுதியில், துணையாளர் ஏவாமலேயே, பத்து முறைக்கு ஏழெட்டு முறையாவது நாய் வந்து தொடுகிறது என்றால், மற்ற ஒலிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். முழுப் பயிற்சிக்கு ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் நாயை விட வீட்டிலுள்ளவர்களைக் கண்காணிப்பதுதான் கடினம். காலிங் பெல் அடித்ததும், காது கேட்பவர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து கதவைத் திறந்துவிடுவார்கள். இரண்டு நாள் இப்படி நடந்தால் போதும், "இவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், நான் எதற்கு?" என்று நாய் படுத்துவிடும். அக்கா வீட்டில் முதல் பத்து நாள் எங்கள் நாய் மணி எழாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அத்தான் ஊரில் இருக்கும் நாள்களில், மணி ஒலித்தால் அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அக்கா கட்டளை போட்டார். வாசலில் பால்காரர் மூன்று முறை அடித்துவிட்டுச் சலித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், நாய் சமையலறைக்குப் போய் அக்காவின் புடவைக் கொசுவத்தில் மூக்கை இடித்தது.

மாதம் முடிந்தும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், நாயை வீட்டுச் செல்லமாக வைத்துக்கொள்ளலாமா, இன்னொரு நாயையும் சேர்த்து வளர்க்க வசதி இருக்கிறதா என்பதைப் பேசி முடிவெடுங்கள். வசதி இல்லை என்றால், சொன்ன நாளில் காப்பகத்தில் திருப்பி ஒப்படைத்து, அது எந்த ஒலிக்கு எழுந்தது, எதற்கு அஞ்சியது, யாரோடு ஒட்டிக்கொண்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து அந்த நாயை எடுப்பவருக்கு அது உதவும். பிறகு மூன்றாம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். டைமரையும் தட்டையும் பையிலிருந்து எடுத்து வைத்துவிடாதீர்கள்.